ஒரு கடிதம் பாக்கி

ஆகஸ்ட் 8, 2024, வியாழன்

கிளாஸ்கோவில் இன்று உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கிவிட்டது. வேர்ல்ட்கான் என்பார்கள். மொத்தம் ஐந்து நாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் பதிவு செய்திருக்கிறேன். எடின்பரோவில் குடியிருந்துகொண்டு, ஐம்பது நிமிட ரயில் தூரத்தில் நடக்கிற விஷயத்துக்கு முழுசாகப் போக முடியவில்லை என்பது வயிற்றெரிச்சல்தான்.

லண்டனிலிருந்து ஒல்லியும் அக்காவும் நாளை வருகிறார்கள். ஒல்லி கல்லூரித் தோழன். இப்போது நூறு கிலோவுக்குக் குறையமாட்டான், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அக்கா நாங்கள் லண்டனில் இருந்தபோது ஒரு வாசிப்புக் குழுவில் பழக்கமானவர். கொழும்பில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர், பேரப்பிள்ளை கண்டாயிற்று, ஆனால் விஞ்ஞானக் கதை என்றால் எங்கள் இரண்டு பேரையும் ஓரங்கட்டிவிடுவார்.

இது 82ஆவது மாநாடு. முதல் மாநாடு 1939இல் நியூயார்க்கில் நடந்தது என்பதால் விரல் விட்டு எண்ணினேன், நாலு இடித்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, 1942 முதல் 1945 வரை போர்க்காலத்தில் நடத்தவே இல்லை. கிளாஸ்கோவுக்கு இது மூன்றாவது முறை, முன்பு 1995, 2005. அந்த இரண்டு தடவையும் நான் இந்தப் பக்கமே கிடையாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ராத்திரி ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார்கள். எடின்பரோவில் ஃப்ரிஞ்ச் என்கிற நாடக, கலை விழா நடப்பதால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் கையில் பதினோரு நோட்டீஸ், எல்லாம் ஒல்லியிடம் கொடுக்கப்பட்டவை, அவன் முகம் அப்படி. அக்கா ஒரு பெரிய டப்பா நிறைய ரோல்ஸ் செய்து கொண்டு வந்திருக்கிறார். தொடக்கூடாதாம், நாளைக்கு.

சாப்பாட்டு மேசையில் கள்ள ஓட்டுப் பேச்சு. இந்த மாநாட்டில் கொடுக்கிற ஹியூகோ விருதுக்கு உறுப்பினர்கள்தான் வாக்குப் போடுகிறார்கள். போன மாதம் வாக்குக் குழு 377 வாக்குகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் அழகு: வரிசையாக ஒரு கூட்டம் பேருக்குக் குடும்பப்பெயர் ஒன்றுதானாம், முதல் எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போகிறதாம். இன்னொரு கூட்டத்துக்குப் பெயரே அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. அதாவது திரு. ஒன்று, திரு. இரண்டு, திரு. மூன்று என்று வாக்குச்சாவடிக்கு வந்தது போல. "எங்க ஏரியால இதைவிட நீட்டா பண்ணுவாங்கடா, செத்தவன் பேரையாவது போடுவாங்க" என்றான் ஒல்லி. அவன் ஒரு காலத்தில் மதுரையில் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் பொருளாளர், தேர்தல் வேலையும் பார்த்தவன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். யாருக்குச் சாதகமாக அந்த வாக்குகள் விழுந்தன என்று பெயரைச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரமில்லை என்று போட்டியிலிருந்தும் நீக்கவில்லை. போன வருஷம் மாநாடு நடந்த சீனாவின் செங்டுவில் சில படைப்புகளைக் காரணம் சொல்லாமலே தகுதியில்லை என்று ஒதுக்கி ஊர் சிரித்தது. இந்தத் தடவை விடியும் முன்பே விளக்கம் கொடுத்துவிட்டார்கள், நல்லது.

ஆகஸ்ட் 10, சனி (எழுதும்போது ஞாயிறு பிறந்துவிட்டது)

கால் ரெண்டும் என்னுடையவை இல்லை. ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் நாளைக்குப் பாதி மறந்துபோகும்.

காலை ஏழே முக்காலுக்கு ரயில். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்து, கீழ்த்தளத்தில் இன்னொரு ரயில் பிடித்து எக்ஸிபிஷன் சென்டர் ஸ்டேஷன். அங்கிருந்து மாநாட்டு வளாகத்துக்கு ஒரு மூடிய குழாய்ப் பாதை போகிறது. அதற்குள் எங்களுக்கு முன்னால் விண்வெளி உடுப்பில் ஒருவர், கையில் தலைக்கவசம், இன்னொரு கையில் சூப்பர்மார்க்கெட் பை. அவருக்குப் பின்னால் ஆந்தைச் சிறகு கட்டிய ஒரு பெண் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வந்தார், நேராக வந்தால் சிறகு இடிக்கிறது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அப்புறம் பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.

இந்த வேஷம் கட்டுகிற பழக்கமும் 1939இலேயே வந்துவிட்டது. ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற ரசிகர் எதிர்கால மனிதன் உடையில் போனார், அதைத் தைத்துக் கொடுத்தது மிர்டில் டக்ளஸ், அவரும் அதே மாதிரி உடுத்திக்கொண்டு போனார். பெயர் ரொம்ப நாள் ஆக்கர்மேனுக்கே போனது. தைத்தவரை விட்டுவிட்டுப் போட்டவரைப் பேசுவது எல்லா ஊரிலும் உண்டு போல.

பதிவு மேசையில் என் பெயரின் நீளத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார், பிறகு அட்டையைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். இங்கே வருபவர்களை டிக்கெட் வாங்கிய பார்வையாளர்களாக நினைப்பதில்லையாம், உறுப்பினர் என்பதுதான் பழைய வழக்கமாம். மாநாட்டுத் தலைவரும் காசு கட்டித்தான் உள்ளே வரவேண்டும். மைக் பிடிப்பவர், நாற்காலி போடுபவர், வரிசையை ஒழுங்கு செய்பவர் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். ஒல்லிக்கு இதை நம்ப முடியவில்லை. "அப்ப வசூல் யாருக்குடா?" என்று மூன்று தடவை கேட்டான்.

அதைவிட அவனை ஆட்டிவைத்தது சிறப்பு விருந்தினர் பட்டியல். நெடி ஒக்கோராஃபோர், கென் மக்லௌட் போன்ற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், சரி. அதே பட்டியலில், அதே அளவு எழுத்தில், கிளேர் பிரையலி, மார்க் பிளம்மர் என்று இருவர். என்ன எழுதினார்கள் என்று கேட்டான். ரசிகர் பத்திரிகை, அதாவது ரசிகர்களே ரசிகர்களுக்காகப் போடுகிற பத்திரிகை நடத்துகிறார்கள் என்றேன். அவ்வளவுதானா என்றான். அவ்வளவுதான். அவன் நின்று யோசித்துவிட்டு, "எங்க மன்றத்துல கட்-அவுட்ல அவரு அறுபது அடி, நாங்க எல்லாம் கீழ போஸ்டர்ல ஸ்டாம்ப் சைஸ்" என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

முதலில் போக நினைத்த கலந்துரையாடல் அறை நிறைந்துவிட்டது, வாசலில் 'இடமில்லை' அட்டை. இரண்டாவதும் அப்படியே. காலையில் அரை மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும் என்று அனுபவசாலிகளுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக நுழைந்த அறையில் பத்துப் பதினைந்து பேர்தான், கிடார் வைத்துக்கொண்டு ஃபில்க் பாடினார்கள். ஃபில்க் என்றால் தெரிந்த மெட்டில் ராக்கெட், வேற்றுக்கிரகம், கம்ப்யூட்டர் என்று வார்த்தை போட்டுப் பாடுவது. 'ஃபோக்' என்று அடிக்க வேண்டியதை 1950களில் யாரோ தப்பாக அடித்து, அந்தப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது. சனி மண்டலத்தில் மாட்டிக்கொண்ட விண்கலம் பற்றிய ஒரு பாட்டுக்கு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பிலா அழுகையிலா என்று கேட்கவில்லை.

மத்தியானம் வெளியே வந்து கிளைடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஆர்மடில்லோ அரங்கம், 1997இல் திறந்தது, எறும்புத்தின்னி ஓடு மாதிரி அடுக்கடுக்காக வெள்ளியில் மின்னுகிறது, நார்மன் ஃபாஸ்டர் குழு வடிவமைத்தது. ஆனால் ஒல்லி அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஆற்றோரம் நிற்கிற ஃபின்னிஸ்டன் கிரேன் என்கிற பழைய ராட்சத பளுதூக்கியை. இப்போது அது எதையும் தூக்குவதில்லை, சும்மா நிற்கிறது. ஒரு காலத்தில் கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் செய்த நீராவி எஞ்சின்களை முழுசாகத் தூக்கிக் கப்பலில் இறக்கியது இதுதான், அந்தப் பட்டறைகளின் எஞ்சின்கள் இந்தியாவுக்கும் நிறைய போயின. ஒல்லியின் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். "தாத்தா கை வச்ச வண்டி ஏதாவது இதுல தொங்கிருக்குமாடா?" என்றான். இருக்கலாம். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். மாநாட்டில் அவன் எடுத்த ஒரே போட்டோ அது.

ரோல்ஸ் டப்பா திறந்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு ரோபோ எட்டிப் பார்த்தது. அட்டைப்பெட்டியும் அலுமினியத் தாளும் ஒட்டிய ரோபோ, கை மடக்க முடியாது. அக்கா ஒரு ரோலை எடுத்து, "உள்ளுக்கு ஆட்டிறைச்சி, உறைக்கும்" என்று ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டு வாயிலேயே ஊட்டிவிட்டார். பிறகு அந்த ரோபோவின் நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். எனக்கு மிஞ்சியது ஒன்றரை.

பிற்பகல் முழுக்க ரசிகர் மேசைகள் பக்கமே சுற்றினோம். எந்த ஊரில் அடுத்து நடத்தலாம் என்று ஆதரவு திரட்டுகிறவர்கள் மிட்டாய் கொடுக்கிறார்கள், அட்டைக்குக் கீழே ஒட்டிக்கொள்ள ரிப்பன் கொடுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஒல்லியின் அட்டை முழங்கால் வரை தொங்கியது. ஒரு மேசையில் இரண்டு கிழவர்கள் உலகின் முதல் அறிவியல் கதை மாநாடு எது என்று சண்டை. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா ரசிகர்களைப் பார்க்கப் போனார்களே, அதுதான் என்றார் ஒருவர். அது விருந்தாடப் போனது, மாநாடு இல்லை, 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மண்டபம் பிடித்து அறிவிப்புச் செய்து நடத்தினோமே அதுதான் முதல் என்றார் மற்றவர். 'நடத்தினோமே' என்றார், அவர் பிறந்தே இருக்கமாட்டார். லீட்ஸுக்கு வந்தவர்கள் மொத்தம் இருபது பேர் தேறினால் அதிகம், அதில் ஒருவர், பிற்பாடு பெரிய விஞ்ஞானக் கதை எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க், அப்போது பத்தொன்பது வயது.

கிளார்க் பெயர் காதில் விழுந்ததும் அக்கா உள்ளே புகுந்துவிட்டார். கிளார்க் 1956இல் இலங்கைக்குப் போய் 2008இல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். கடைசியில் குடியிருந்தது கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில். "நான் பள்ளிக்கூடம் போகேக்க அந்தாள்ட வீட்டடியாலதான் தம்பி போறது. ஒரு நாளும் உள்ளுக்கு எட்டிப் பார்க்கேல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் அவர்களிடம் சொன்னார். சண்டை நின்றுவிட்டது. இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள்.

அந்த மேசையில் பழைய ரசிகர் பத்திரிகைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஸ்டென்சில் வெட்டி உருட்டியவை, நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போமே அதேதான், சொரசொரப்பான தாள், மை லேசாகப் பின்பக்கம் தெரிகிறது. அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவரும் ஐந்து சிநேகிதிகளும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களாம். எட்டு இதழ், ஒவ்வொன்றும் ஒரே பிரதி, கை மாறி வகுப்பைச் சுற்றி வரும். சந்திரனில் கடை வைத்திருக்கிற ஒரு பெட்டிக்கடைக்காரரைப் பற்றி அவர் தொடர்கதை எழுதியிருக்கிறார், கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் பென்சிலில் திட்டுவதற்கு இடம் விட்டிருப்பாராம். எட்டு இதழும் யாரிடம் இருக்கின்றன என்று கிழவர் கேட்டார். "எங்கட வீட்டிலதான் இருந்தது. எண்பத்து மூண்டு ஜூலையில வீடு எரிஞ்சு போச்சு" என்று தமிழில் சொன்னார், அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. நானும் செய்யவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பெட்டியிலிருந்து மூன்று இதழ்களை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

விலை கேட்டேன். 'வழக்கமானது' என்றார். ரசிகர் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் விலைக்குப் பதில் அப்படித்தான் போடுவார்களாம். அதற்கு அர்த்தம், படித்துவிட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், அல்லது நீ நடத்துகிற பத்திரிகையை அனுப்ப வேண்டும், அல்லது ஏதாவது எழுதித் தர வேண்டும். தபால் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "காசு வேண்டாமாம், கடிதம் வேணுமாம்" என்று அக்கா அந்தச் சீட்டைக் கைப்பையின் உள் அறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

திரும்பும் ரயிலில் ஒல்லி குறட்டை. அவன் ரிப்பன் வால் எதிர் சீட்டுக்காரரின் பியர் கோப்பைக்குள் தோய்ந்துகொண்டிருந்தது, அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மத்தியானம் இரண்டு பேரையும் ரயிலேற்றிவிட்டேன். ராத்திரி ஹியூகோ விழாவை வீட்டில் லேப்டாப்பில் பார்த்தேன். சிறந்த நாவலுக்கு எமிலி டெஷ். ரசிகராக எழுதுபவருக்கென்றே ஒரு ஹியூகோ உண்டு, இந்த வருஷம் பால் வைமர் வாங்கினார், அந்த நேரத்தில் ஒல்லிக்கு ஃபோன் போட்டேன், அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியா, ரசிகனுக்கு மேடை" என்றான். பின்னணியில் அவன் மனைவி ஏதோ சொல்வது கேட்டது, வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 17, சனி

வாரம் முழுக்க வேலை, ஒன்றும் எழுதவில்லை. ரசிகர் பத்திரிகையைப் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் முந்தைய இதழுக்கு வந்த கடிதங்கள், அந்தக் கடிதங்களுக்குள்ளே அதற்கும் முந்தைய கடிதங்களைப் பற்றிய சண்டை. கதை என்று ஒன்றும் இல்லை. ஒரு வரியைக்கூட விடாமல் படித்தேன்.

காலையில் அக்கா அழைத்தார். கடிதம் போட்டாயிற்றாம், ஒன்பது பக்கம். அதில் நாலு பக்கம் சந்திரனில் பெட்டிக்கடை வைத்தவரின் முதல் அத்தியாயம், ஞாபகத்திலிருந்து. முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினாராம், தமிழ்ப் பிரதியை வைத்திருக்கிறாராம். "நீ அனுப்பிட்டியே தம்பி?" என்றார். இன்றைக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். ஒல்லி கிரேன் போட்டோவின் பின்னால் நாலு வரி எழுதி அனுப்பினால் கணக்கில் வருமா என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். வரும் என்றுதான் நினைக்கிறேன்.

தாள் எடுத்து வைத்திருக்கிறேன். தேதி போட்டாயிற்று. பேனா வாங்க வேண்டும், வீட்டில் இருக்கிற மூன்றும் எழுதவில்லை.