எம்.எச்.ஏ. முடித்த கையோடு: டிஸ்சார்ஜ் ஃபைலுக்குப் பின்னால் நடங்கள்

போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது. நான்காவது செமஸ்டர், ப்ராஜெக்ட் வைவா இரண்டுமே நல்ல மதிப்பெண். தஞ்சாவூரிலேயே ஒரு மருத்துவமனையில் குவாலிட்டி பிரிவில் வேலையும் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர்ந்துவிட்டால் எழுத நேரம் கிடைக்காது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பு) சேர்ந்தவர்களுக்கும், எம்.பி.ஏ.வில் மருத்துவமனை நிர்வாகம் எடுத்தவர்களுக்கும் இது. அதிலும் என்னைப்போல் பி.காம். படித்துவிட்டு, மருத்துவச் சொல் ஒன்றுகூடத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சிலபஸ், இன்டர்னல் மார்க், க்ரெடிட் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முதல் செமஸ்டரிலேயே ஒரு மருத்துவமனையில் அனுமதி வாங்கி, டிஸ்சார்ஜ் ஆகப்போகும் ஒரு நோயாளியின் ஃபைலுக்குப் பின்னாலேயே நடங்கள். அது எந்த மேசையில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள். அது போதும். இந்தப் படிப்பின் பாடங்களில் முக்கால்வாசி அந்த ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அந்த நிமிடமே நோயாளியின் மனைவி ஃபிளாஸ்க்கையும் போர்வையையும் கட்டைப்பையில் எடுத்து வைத்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. ஆனால் ஃபைல் அப்போதுதான் கிளம்புகிறது. வார்டில் சிஸ்டர், பயன்படுத்தாத மருந்துகளை ஒரு ட்ரேயில் எடுத்து வைத்து ரிட்டர்ன் எழுத வேண்டும். பிரிக்காத சலைன் பாட்டில், மீதி ஊசி மருந்து, சிரிஞ்சு எல்லாம் அதில் வரும். ட்ரே பார்மசிக்குப் போகிறது. அங்கே ஓ.பி. சீட்டோடு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் அது காத்திருக்கிறது. இன்டென்டில் (வார்டு மருந்து கேட்டு அனுப்பிய சீட்டு) உள்ள பேட்ச் எண்ணும் திரும்பி வந்த மருந்தின் பேட்ச் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ட்ரே மறுபடி வார்டுக்கு வரும். இதற்கிடையில் ட்யூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி அடித்து முடித்திருப்பார், ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய கன்சல்டன்ட் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பார். அவர் வெளியே வந்து, லேப் பாக்கி இல்லை என்று உறுதியாகி, ஃபைனல் பில் போட்டு, இன்சூரன்ஸ் என்றால் பில்லையும் சம்மரியையும் டி.பி.ஏ.வுக்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் நிறுவனம்) அப்லோட் செய்து, "இந்த நோய்க்கு இத்தனை நாள் ஏன் தங்கினார்?" என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதி, அப்ரூவல் வந்து, மருந்தை விளக்கிச் சொல்லி, கேட் பாஸ் கொடுத்து அனுப்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

திருத்துறைப்பூண்டிக்கு அந்தாண்ட ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாப்பா, டவுன் வரைக்கும் பஸ் இருக்கும். அங்கேருந்து எங்க ஊருக்குக் கடைசி பஸ் போயிட்டா, ஆபரேஷன் பண்ணுன மனுஷன வச்சுக்கிட்டு நான் எங்க படுக்கிறது?" டிஸ்சார்ஜ் நேரம் என்பதைப் புத்தகத்தில் ஒரு தரக்குறியீடாகப் படிக்கிறோம். டெல்டாவில் அது கடைசி பஸ் கணக்கு. என் ப்ராஜெக்ட்டின் தலைப்பு அங்கேதான் பிறந்தது.

இப்போது அந்த ஃபைலைப் பாடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பார்மசி ரிட்டர்ன் என்பது மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட். கையெழுத்துக்குக் காத்திருப்பது ஆபரேஷன்ஸ் ரிசர்ச், வரிசைக் கோட்பாடு. ஒப்புதல் படிவம் சட்டப் பாடம். சம்மரியை எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீடு போட்டு அடுக்குவது தகவல் மேலாண்மை. டி.பி.ஏ. கேள்வி ஹெல்த் இன்சூரன்ஸ். வார்டுக்கும் பில்லிங்குக்கும் நடக்கும் சண்டை ஆர்கனைசேஷனல் பிஹேவியர். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி நோட்ஸ் வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒரு நோட்டு எல்லாப் பாடத்துக்கும் கை கொடுத்தது.

எண்களும் அப்படித்தான். படுக்கைக் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 100 படுக்கை, 30 நாள் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 3,000 படுக்கை நாள். நோயாளிகள் தங்கியது 2,400 நாள் என்றால் ஆக்குபென்சி, அதாவது படுக்கை நிரம்பியிருந்த விகிதம், 80 சதவீதம். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 600 பேர் என்றால் சராசரித் தங்கல் 4 நாள். ஒரு படுக்கையை மாதத்துக்கு 6 பேர் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை படுக்கை காலியாகக் கிடப்பது சராசரியாக ஒரு நாள். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அடுத்த வரியை நீங்கள் எழுத வேண்டும்: ஒவ்வொருவரின் தங்கலிலும் அரை நாள் குறைந்தால் 300 படுக்கை நாள் மிச்சம், அதாவது மாதம் முழுக்க 10 படுக்கை. ஒரு செங்கல் வைக்காமல் 10 படுக்கை! வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பேசவிட்டார்.

நோட்டில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

- நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், ஊழியர் பெயர் எதையும் எழுதாதீர்கள். மேசையும் மணியும் மட்டும் போதும். "எங்க பேரைப் போட்டுக் குடுத்துடுவியா பாப்பா?" என்று சிஸ்டர்கள் கேட்பார்கள். நோட்டைத் திறந்து காட்டிவிடுங்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு நேரம் சொல்வார்கள்.
- மெடிக்கல் சூப்பரின்டெண்டென்டிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எதிக்ஸ் கமிட்டி இருந்தால் அங்கேயும்.
- காசு கட்டும் நோயாளி, தனியார் இன்சூரன்ஸ், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் குறியுங்கள். கலந்தால் சராசரிக்கு அர்த்தமே இருக்காது.
- கடிகாரம் ஒன்றே இருக்கட்டும். வார்டுச் சுவர்க் கடிகாரமும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்டுவதில்லை.
- அட்டெண்டர் அண்ணன்களோடு பழகுங்கள். ஃபைல் எங்கே தூங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் பகுதியைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் அந்த மேசையில்தான் ஆரம்பிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் (நோயாளி காசு கட்டாமல் இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜின்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்த மூன்று மணி நேரம் மருத்துவமனை கேட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். கேட்பதற்கு முன்னால் நமக்குள்ளேயே எவ்வளவு நேரம் போகிறது என்பதை உங்கள் நோட்டுதான் காட்டும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பேக்கேஜ் விலையில் (ஒரு சிகிச்சைக்கு முன்கூட்டியே நிர்ணயித்த மொத்தத் தொகை). அங்கே தங்கல் நீண்டால் மருத்துவமனைக்கு வருமானம் கூடாது, செலவுதான் கூடும். காசு கட்டும் நோயாளிக்கும் பேக்கேஜ் நோயாளிக்கும் டிஸ்சார்ஜ் வேகம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதத் தயங்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப் பற்றி எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. டெல்டாவில் ஒரு தனியார் மருத்துவமனை எங்களில் சிலரை இன்டர்ன்ஷிப் என்று எடுத்து, முதல் வாரத்திலிருந்தே ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்க நிறுத்தியது. எந்தத் துறையையும் சுற்றிக் காட்டவில்லை. கடைசியில் ஒரு சர்டிஃபிகேட். இரண்டு வருடம் ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகளைச் சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொள்வது அநியாயம். சேரும் முன்பே எந்தெந்தத் துறையில் எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு), எம்.ஆர்.டி., ஸ்டோர்ஸ், பில்லிங், பயோமெடிக்கல் கழிவுக் கிடங்கு ஆகிய ஐந்தும் பட்டியலில் இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். முடிந்தால் அரசு மருத்துவமனையிலும் சில நாள் இருங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டெல்டா முழுவதிலிருந்தும் வரும் கூட்டத்தையும், ராஜா மிராசுதார் மருத்துவமனையின் பிரசவ வார்டையும் பார்த்த பிறகு "பேஷன்ட் ஃப்ளோ" பாடம் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.

ஸ்டோர்ஸ் என்றதும் இன்னொன்று. மெட்டீரியல்ஸ் தாளில் எல்லாரும் ஏ.பி.சி. (செலவை வைத்துப் பிரிப்பது), வி.இ.டி. (உயிர்காக்கும், அவசியமான, இருந்தால் நல்லது என்று பிரிப்பது) அட்டவணையை அப்படியே வரைந்துவிட்டு வருகிறார்கள். உதாரணம் நம் ஊரிலிருந்து கொடுங்கள். நடவு, அறுப்புக் காலத்தில் வயல் வேலை செய்பவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து கூடும். அதனால் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து நம் மருத்துவமனையில் எந்த நாளும் "வி" வகை, இருப்பு தீர்ந்துபோகவே கூடாதது. அதற்கு அடுத்த பத்தியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஒதுக்கிய தொகைக்குள் மருந்து எடுத்துக்கொள்வது. வெளிமாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெளிநாட்டு உதாரணம் எதற்கு?

அதேபோல் பேரிடர் திட்டம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல், ஆக்சிஜன், தண்ணீர், ஊழியர் வந்து சேரும் வழி என்று அந்த நான்கையும் வைத்தே பதிலைக் கட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக:

சட்டத் தாள்: மூன்று தீர்ப்பு போதும். 1995 சாந்தா வழக்கு (நுகர்வோர் சட்டத்துக்குள் மருத்துவ சேவை), 2005 ஜேக்கப் மேத்யூ (கிரிமினல் அலட்சியம்), 2008 சமீரா கோலி (பரிசோதனைக்கு வாங்கிய ஒப்புதல் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது). தீர்ப்பை எழுதி, உடனே எந்தப் படிவம் மாற வேண்டும் என்றும் எழுதுங்கள்.

மருத்துவக் கழிவு விதிகள் 2016: பிரித்துப் போடும் நிறங்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். சுத்திகரிக்காத கழிவை வைத்திருக்க உச்சவரம்பு 48 மணி நேரம். கிடங்கில் ஒரு முறை நின்று பார்த்தால் மறக்காது.

இந்தியச் சுகாதாரத் துறைக்கான கமிட்டிகள்: போர் 1946, முதலியார் 1962, கர்த்தார் சிங் 1973, ஸ்ரீவஸ்தவ் 1975. மனப்பாடம்தான், குறுக்குவழி இல்லை.

என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) தர நூல்: பத்து அத்தியாயம். முதல் ஐந்து நோயாளியைச் சுற்றி, அடுத்த ஐந்து நிறுவனத்தைச் சுற்றி. தனித்தனி வரிகளை நெட்டுருப் போடாதீர்கள். உங்கள் ஃபைல் கடந்த ஒவ்வொரு மேசைக்கும் எந்த அத்தியாயம் பொருந்தும் என்று எழுதிப் பழகுங்கள். வேலைக்கான நேர்காணலில் என்னை அதைத்தான் கேட்டார்கள்.

குரூப் ஸ்டடி எனக்குச் சரிப்படாது, உங்களுக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். பேச்சில் நேரம் போய்விடும். தனியாக நடப்பது, தனியாக எழுதுவது, இரவில் அன்றைய குறிப்பைச் சுத்தமாக இன்னொரு நோட்டில் பிரதி எடுப்பது. எக்செல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கையால் எழுதும்போதுதான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அஷ்டமி, நவமி நாள்களில் டிஸ்சார்ஜ் குறைந்து, அடுத்த நாள் காலையில் மொத்தமாகக் குவிந்தது. ராகுகாலம் முடியட்டும் என்று பில் கட்டிய பிறகும் அறையிலேயே உட்கார்ந்திருந்த குடும்பங்களும் உண்டு. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஆனால் தஞ்சாவூரில் படுக்கைகளைத் திட்டமிடும் ஒருவர் பக்கத்தில் காலண்டர் இல்லாமல் உட்கார முடியாது. மக்களின் நம்பிக்கையைக் குறை சொல்லி எழுதாதீர்கள். முந்தின நாளே சம்மரியைத் தயார் செய்து, மருந்து ரிட்டர்னை முந்தின மாலையே முடித்துவிட்டால் அவர்கள் விரும்பும் நேரத்துக்கே அனுப்பலாம். என் ப்ராஜெக்ட்டின் முதல் பரிந்துரை அதுதான், அந்த மருத்துவமனை ஒரு வார்டில் அதைச் செய்தும் பார்த்தது.

இரண்டாம் வருடம் போகிறவர்களுக்கு ஒரு அவசரக் குறிப்பு. டிஸ்சார்ஜ் நேரத்தைத் தலைப்பாக எடுத்தால் டேட்டா எடுக்கும் நாள்களைத் தீபாவளி, பொங்கல் வாரங்களில் வைக்காதீர்கள். போகிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வார்டே கிளம்பும், உங்கள் சராசரி கெட்டுவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த நாள்களைத் தனி அட்டவணையாகப் பிரித்துக் காட்டி, கைடிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.