ஓலை காயும் மாதத்துக்கு ஒரு நேரசூசி

இலங்கையின் 1972 கல்விச் சீர்திருத்தம் என்றதும் எங்கள் வயதுக்காரருக்கு, சாதாரண தரத்துக்குப் பதிலாக வந்த என்.சி.ஜி.ஈ. பரீட்சையும் பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலும்தான் ஞாபகம் வரும். பாடசாலை மலர்களில் அவை பற்றி நிறையவே எழுதியாயிற்று. அதே சீர்திருத்தத்தில் ஆசிரியர் கையிலேயே விடப்பட்ட ஒரு பாடமும் இருந்தது. அதை இன்னும் யாரும் பதிந்து வைக்கவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். மற்றப் பாடங்களுக்கு எல்லாம் கொழும்பிலிருந்தே வரும். தொழில் முன்னிலைப் பாடத்தில் மட்டும் ஊர்த் தொழில் ஒன்றைப் பாடசாலையே தெரிந்தெடுத்து, அதைச் செய்பவர்களிடம் கேட்டுப் பாடமாக்க இடம் இருந்தது. எங்கள் பாடசாலை பனையோலையை எடுத்தது.

பொறுப்பேற்ற ஆசிரியருக்கு ஓலைவேலை தெரியாது. ஒரு தவணை விடுமுறை முழுக்கக் கடகம் என்ற பனையோலைப் பெட்டி இழைக்கும் அம்மா ஒருவரின் திண்ணையில் இருந்து, அவர் கை செய்ததை எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினார். எந்த இடத்தில் கை நிற்கிறது, எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதை வேண்டாம் என்று எறிகிறார் என்பவையே பாட அலகுகள் ஆயின. அலுவலகத்தில் இருந்து எழுதியிருந்தால் "ஓலையின் பயன்கள் பத்து" என்றுதான் அந்தப் பாடம் தொடங்கியிருக்கும்.

கடகத்துக்கு, இளங்குருத்துக்கும் காய்ந்த காவோலைக்கும் இடைப்பட்ட சார்வோலை வேண்டும். குருத்து மெல்லியது, பாரம் தாங்காது. காவோலை மடித்தால் முறியும். வெட்டிய சார்வை இரண்டு மூன்று நாள் வெயிலில் விரித்து, இரவில் பனி படவிட்டு எடுக்கவேண்டும். பச்சை போய் வெளிறிய நிறம் வந்தால் பதம். அரைகுறையாகக் காய்ந்த ஓலை இழைக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பிறகு அது சுருங்கி, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். காய்ந்ததை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றிவைப்பார்கள். ஈரம் போய்விட்டால் மடிப்பில் வெடிக்கும். பிள்ளைகளின் கடகங்கள் பழுதானது பெரும்பாலும் இந்த ஈரம் போனதால்தான். இழைப்பின் பிழை குறைவு.

கணக்கும் இதற்குள்ளேயே வந்தது. ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் பக்கத்துக்கு 24 ஓலை நெருக்கி வைத்தால் அடி 24 சென்ரிமீற்றர்ச் சதுரம். ஒரு பக்கத்து ஓலைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் கூடினால் அந்தப் பக்கம் 26.4 ஆகிவிடும். அடி நீள்சதுரமாகி, வாய் வட்டமாக வராமல் கோணும். அளவையில் வழு எப்படிக் கூடிக்கொண்டு போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்டமுடியாது. கணித ஆசிரியர் கோணிய கடகத்தை வகுப்புக்கு எடுத்துப் போவார்.

இனி நேரசூசி. ஒரு பாடவேளை 40 நிமிடம். ஓலையை நனைக்க, பங்கிட, முடிவில் கூட்டி அள்ள என்று பாதி நேரம் போய்விடும். மிஞ்சும் இருபது நிமிடத்தில் யாரும் இழைத்துப் பழகமுடியாது. அதனால் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 80 நிமிடம் ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய தடை மாரி. ஐப்பசி பிறந்தால் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். கைவேலை முழுவதையும் இரண்டாம் தவணைக்குக் கொண்டுவந்து, அதற்காகக் கடன் வாங்கிய பாடவேளைகளை மூன்றாம் தவணையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். வட்டாரக் கல்வி அதிகாரிக்குக் காட்ட ஒரு கடன் கணக்கே எழுதி வைத்திருந்தார்கள். ஆசிரியர் சுதந்திரம் என்று இப்போது பெரிதாகப் பேசும் விஷயம் எங்கள் பாடசாலையில் அந்த ஒரு தாளில் இருந்தது. அதில் கையொப்பமிட அதிபருக்குத் துணிவு வேண்டியிருந்தது.

எதிர்ப்பும் இருந்தது. தொழில் சாதியோடு கட்டுண்ட ஊரில் "ஓலை இழைக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கு விட்டனாங்கள்?" என்ற கேள்வி சும்மா வந்ததல்ல. கடகம் இழைக்கும் அம்மாவை வகுப்புக்கு அழைத்து ஆசிரியரின் கதிரையில் இருத்தியதைச் சிலர் பொறுக்கவில்லை. அந்தக் கதிரையை மாற்றாமல் விட்டதுதான் அந்தப் பாடத்தின் மிக நல்ல பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1977 ஆட்சி மாற்றத்தின் பின் சாதாரண தரம் திரும்பி வந்தது. ஆனால் எங்கள் பாடசாலையில் அதற்கு முன்பே பாடம் தளர்ந்துவிட்டது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றார், கொப்பியும் அவரோடு போயிற்று. படி ஒன்று எடுத்து அலுமாரியில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்தவர் ஓலையின் பயன்களைச் சொல்லி எழுதுவித்தார்.

இப்படி ஒரு பாடம் திரும்பவும் நடக்க வழி உண்டு. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் அமைந்த பாடசாலை அபிவிருத்திக் குழுவில் பழைய மாணவருக்கும் இடம் உண்டு. பழைய மாணவர் சங்கம் நுழைவாயில் வளைவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஆசிரியர் எழுத்தில் கேட்கும் ஒரு பரிசோதனைக்கு என்று ஒதுக்கலாம். கேட்கும் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது: என்ன செய்யப் போகிறார், எந்த மாதத்தில், எத்தனை பாடவேளை, என்ன பொருள் வாங்கவேண்டும், கற்றுத்தர வருபவருக்கு என்ன கூலி. கூலியைக் கட்டாயம் எழுதவேண்டும். வேலை முடிந்ததும் குறிப்பின் ஒரு படி பாடசாலை நூலகத்துக்கும் ஒரு படி சங்கத்துக்கும் வரவேண்டும். காசு சித்திரைக்கு முன் கைக்குப் போய்ச் சேரவேண்டும், ஏனென்றால் வைகாசியில் ஓலை வெட்டியாகவேண்டும்.