சத்ரியாவில் 4ஜி92 மைவெக்: கேம் மாறும் புள்ளியைப் பிடித்த கதை

ஒரு வழியாக, என் புரோட்டோன் சத்ரியா காரில் போட்ட மிட்சுபிஷி 4ஜி92 மைவெக் எஞ்சினில், சிறிய கேமிலிருந்து பெரிய கேமுக்கு (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் மேடு; வேகம் ஏறும்போது பெரியதற்குத் தாவுவதே மைவெக்) மாறுவது இப்போது இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதேயில்லை. ஜாலான் ஈப்போ நண்பர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். கேம் மாறும்போது முதுகில் விழும் அந்த உதைக்காகத்தானே இந்த எஞ்சினையே போடுகிறோம் என்பது அவர்கள் கட்சி. டைனோ (எஞ்சினின் திறனை அளக்கும் கருவி) வரைந்து காட்டிய இரண்டு கோடுகளைப் பார்த்தபின் நான் அந்தக் கட்சியில் இல்லை.

ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரில்) வந்த எஞ்சின் இது: 1,597 சிசி, அழுத்த விகிதம் 11.0, மிட்சுபிஷி அறிவித்த திறன் 7,500 ஆர்பிஎம்மில் 175 பிஎஸ். 4-2-1 எக்ஸ்ட்ராக்டர் (புகை வெளியேறும் குழாய்), குளிர்காற்றுக் குழாய், ஹால்டெக் ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) ஆகியவற்றை மட்டும் சேர்த்திருக்கிறேன், கேம்களைத் தொடவில்லை. முன்பு வேறொரு பட்டறையில் மாறும் புள்ளியை 5,800இல் வைத்துத் தந்திருந்தார்கள். ஏன் 5,800 என்று கேட்டால், “எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள்” என்பதே பதில்.

கெப்போங்கில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஹப்பிலேயே (சக்கரம் பூட்டும் அச்சு முனையிலேயே) டைனோவைப் பூட்டினோம். முழுத் திராட்டிலில் (காற்று வழியை முழுதாகத் திறந்து) முதலில் சிறிய கேமிலேயே 6,500 வரை இழுத்தோம். பிறகு மாறும் புள்ளியை 3,000க்கு இறக்கி, ஏறக்குறைய முழு இழுப்பையும் பெரிய கேமில் செய்தோம். ஒவ்வொரு இழுப்புக்கு முன்பும் ஆயில் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஒரே அளவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கோடுகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டு முறுக்கு விசைக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது 5,150இல் வெட்டிக்கொண்டன. 5,500இல் சிறிய கேம் 127 நியூட்டன் மீட்டருக்குச் சரிந்திருக்க, பெரிய கேம் 138இல் நின்றது. ஆக, நண்பர்கள் கொண்டாடும் உதை என்பது, அதற்கு முந்திய 650 ஆர்பிஎம்மில் எஞ்சின் படுத்துக் கிடந்ததற்கான சாட்சியே தவிர வேறில்லை.

புள்ளியை 5,150இல் வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் பாதித் திராட்டிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழுத் திராட்டிலில், வெட்டும் இடத்தில் இரண்டு கேம்களும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் இழுக்கின்றன என்பதால் ஒரே எரிபொருள் அட்டவணை சமாளித்துவிடும். பாதித் திராட்டிலில் பெரிய கேமின் ஓவர்லாப் (இரு வகை வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) வெற்றிடத்தைக் குறைத்து, உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவை மாற்றிவிடுவதால், கலவை சட்டென்று விலகி, வண்டி விக்குகிறது. ஆகவே கேமுக்கு ஒன்றாக இரண்டு எரிபொருள் அட்டவணைகள், இரண்டு இக்னிஷன் அட்டவணைகள் போட்டோம். ரான் 97 பெட்ரோலில், டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னே தள்ளத் தள்ள, சிறிய கேம் 4,500 பக்கம் முறுக்கு விசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) எழுப்பியதால், அங்கே டைமிங்கை அடக்கி வைக்க வேண்டியிருந்தது. பெரிய கேமில் ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டியபோது, முறுக்கு விசை ஏறுவது நின்ற பிறகும் நாக்கிங் வரவில்லை. ஏறும்போது 5,150, இறங்கும்போது 4,900 என்று இடைவெளி விட்டதால், ரவாங் மேட்டில் கேமை மாற்றும் ஆயில் வால்வு டக்டக்கென்று மாறி மாறி அடிப்பதும் நின்றது.

ஹப்பில் உச்சம் 139இலிருந்து 147 குதிரைத்திறனாயிற்று. அதிலும் பெரும்பகுதி டைமிங்கால் வந்ததுதான். இந்த எண்ணைப் பிறர் எண்ணோடு ஒப்பிடுவோர் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் திருத்தக் காரணியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: 20 டிகிரி, 1,013 மில்லிபாருக்குத் திருத்தும் டிஐஎன் (ஜெர்மன் தர) முறை, கோலாலம்பூரின் 33 டிகிரி வெயிலில் இரண்டு மூன்று விழுக்காட்டைச் சும்மாவே சேர்த்துக் கொடுத்துவிடும். என்னுடையது திருத்தாத எண்.

ஹாஃப்-கட் கடைக்காரர்களைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. எஞ்சினைத் தருகிறார்கள், வயரிங்கை மட்டும் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள். ஆயில் கன்ட்ரோல் வால்வின் சாக்கெட்டுக்கு நான் அலைந்த அலைச்சலில் பாதி சம்பளம் பெட்ரோலுக்கே போயிற்று. எஞ்சின் மாற்றத்துக்கு புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தின் சோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவும் தேவை என்பதால், எஞ்சினுக்கான தாள்களை அவர்களிடமிருந்து அன்றே வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து, டொயோட்டா 4ஏ-ஜிஈ 20 வால்வு எஞ்சினின் நான்கு தனித் திராட்டில்களைப் பொருத்த ஆசை. மேனிஃபோல்டுக்குத் தகடு வெட்டித் தர ஒருவரிடம் விலையும் கேட்டுவிட்டேன். அவை வந்தால் மேப் சென்சாரை நம்ப முடியாது; திராட்டில் கோணத்தை வைத்து எரிபொருள் அட்டவணை இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். 2,500க்குக் கீழே காலை நெரிசலில் ஊரும் பகுதியும் குளிர் ஸ்டார்ட்டும் இன்னும் முடியாமல் கிடப்பதால், அவற்றை முடிக்காமல் திராட்டில் பேச்சை எடுக்கக் கூடாது என்று டியூனிங் செய்யும் அண்ணன் சொல்லிவிட்டார். தகட்டுக்கு முன்பணம் கட்டியதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.