செத்த காலேஜில் சுறாப்புட்டு

பழைய மெட்ராஸ்காரர்கள் செத்த காலேஜ் என்கிற எழும்பூர் மியூசியத்தில் மீன்கள் பகுதிக்கு நடுவே நின்றுகொண்டு, சுறாப்புட்டுக்குத் தேங்காய் போடலாமா கூடாதா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். நடத்தியது எங்கள் அத்தை, அதாவது என் மாமியார்.

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கே லீவு என்று நான் சொன்னதும், ஏதோ நான்தான் பூட்டிவிட்டு வந்தது மாதிரி ஒரு பார்வை. சரி, சனிக்கிழமை கிளம்பினோம். அத்தையும் வந்தார். "செத்த காலேஜுக்கா? நான் பாவாடை சட்டையில பார்த்தது, வாங்க வாங்க" என்று புளிசாதம், வடாம், துண்டு, சின்னதுக்கு மாற்று ஜட்டி எல்லாவற்றையும் கட்டைப்பையில் அடைத்துக்கொண்டார். உள்ளே போனதும் இவர் ஒரு மரநிழலைப் பிடித்து போனோடு உட்கார்ந்துவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது.

பெரியவன் குழந்தைகள் மியூசியம் பக்கத்தில் நிற்கிற டைனோசரைப் பார்த்தான். அப்புறம் எதைக் காட்டினாலும் "இவ்ளோதானா". சின்னது வேறு ரகம். பஞ்சு வைத்துத் தைத்த ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இத யாரு சாவடிச்சா?" மானை யார்? கரடியை யார்? புலியை யார்? நான் பதில் சொல்லாததால் காக்கிச் சட்டை போட்டு நடமாடிய காவலாளிதான் என்று அவளே முடிவுகட்டி, அவர் கடக்கும்போதெல்லாம் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். பாவம், அந்த மனிதர் இவளைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

எதுவும் அசையவில்லை என்பதுதான் இதுகளின் குறை. தப்பே இல்லை. 1851-ல் ஆரம்பித்த மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபோருக்கே, உயிரோடு இருப்பதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது என்று புரிந்துபோய், 1855-ல் இதே வளாகத்தில் மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஆற்காட்டு நவாப்பிடம் பேசி அவருடையதையும் வாங்கிக்கொண்டாராம். அதுதான் பிறகு சென்ட்ரல் பக்கம் உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலையாகி, 1985-ல் வண்டலூருக்குப் போனது. இதையெல்லாம் நான் பெரியவனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஷூ லேஸை வாயில் வைத்திருந்தான்.

திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் அத்தை நின்றார். காணும் பொங்கலுக்கு அவர் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாம். கொஞ்சநேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்படியேதான் இருக்கு, ஒரு சுத்துகூட ஏறல" என்றார். சொல்லிவிட்டு ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்று இன்னும் புரியவில்லை.

மீன்கள் பகுதியில்தான் ஆரம்பித்தது வினை. கண்ணாடி ஜாடி, உள்ளே தேநீர் நிறத்துக்கு மாறிப்போன திரவம், அதில் வெள்ளைக் கண்ணோடு ஒரு குட்டிச் சுறா. அத்தை மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒட்டியிருந்த லத்தீன் பெயரைச் சட்டை செய்யாமல், "பிள்ளை பெத்தவளுக்கு இதுதான் மருந்து. வேகவெச்சு, தோலை உரிச்சு, முள்ளை எடுத்து, உதுத்து, பூண்டை அள்ளிப் போடணும்" என்று தொடங்கினார். கையிலேயே உதிர்த்துக் காட்டுகிறார். பக்கத்தில் நின்ற நாகர்கோவில் அம்மா ஒருவர் தேங்காய் என்று வாய் திறந்ததும் பிடித்துக்கொண்டது. கூட்டம் கூடிவிட்டது. காவலாளியே வந்து, "எங்கம்மா வாங்குவீங்க?" என்றார். "காசிமேடு. விடியறதுக்குள்ள போயிடணும்." திருக்கை, வஞ்சிரம், வாளை என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் குழம்பா வறுவலா என்று தீர்ப்பு வேறு.

இதையெல்லாம் சின்னது அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று, "ஆயா, அப்ப எல்லாத்தையும் நீதான் சாவடிச்சியா? புலியையும்?"

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பின்ன?"

அன்றிலிருந்து படுக்கை ஆயா பக்கத்தில்தான். விளக்கை அணைத்தால் ஊரைக் கூட்டுகிறவள் இப்போது தானே போய் அணைத்துவிட்டுப் படுக்கிறாள். அம்மாகிட்ட வாடி என்று கூப்பிட்டால், "நீ கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல ஏறுவ" என்கிறாள்.