முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன்

போதை சிகிச்சை மையத்தில் ஆலோசகர் வேலை எனக்கு. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் வந்தால், "எப்போது போதையை விடப் போகிறீர்கள்?" என்று தொடங்குவதில்லை. "தூக்கம் எப்படி?" என்றுதான் கேட்பேன். பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும்: பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது, கண்ணை மூடினால் யாரோ கழுத்தைப் பிடிப்பது. எல்லாமே தொழிலால் வந்ததும் அல்ல. சிலருக்குச் சிறுவயதிலேயே வீட்டுக்குள் தொடங்கியது அது.

ஹெராயின் இதையெல்லாம் சில மணி நேரம் அமுக்கி வைக்கிறது. நிறுத்தினால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் வலியும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அப்புறம்தான் நினைவுகள் எழும்பும். உடம்பு தேறிவிட்டது என்று அந்த நேரத்தில் அனுப்பிவிடுவது மகா ஆபத்து. போதையைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். நினைவு தாளாமல் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். "முதலில் போதையை விட்டு வா, பிறகு மனநல மருத்துவரைப் பார்க்கலாம்" என்ற விதியை எழுதியவர் இந்த வாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

இப்படி நினைவுகள் துரத்துவதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். 1980-இல் அது அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது. நீண்டகாலக் கொடுமையால் வரும் சிக்கலான வடிவத்தை உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப்பட்டியல் தனியாகச் சேர்த்தது; அது நடைமுறைக்கு வந்தது 2022-இல். ஆனாலும் இவர்களுக்கு ஆபத்து முடிந்துபோன கதை இல்லை. இன்று ராத்திரியும் தெரியாத ஒருவரின் காரில் ஏற வேண்டும். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவதை நாங்கள் அறிகுறி என்று குறித்துக்கொள்கிறோம். அவளை உயிரோடு வைத்திருப்பதே அந்தத் திடுக்கிடல்தான் என்றால், அதைக் குறைக்கச் சொல்ல நான் யார்? மையத்துக்குள் மட்டுமாவது அதை இறக்கி வைக்கப் பழக்குகிறோம், அவ்வளவுதான். கதவைப் பார்த்தபடி நாற்காலி. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவசரப்பட்டுக் கிளறினால் அன்றைக்கே ஊசியைத் தேடுவார்கள்.

ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் தரும் மெத்தடோன் மருந்தைக் காலையில் மட்டும் கொடுத்தால், விடியும்வரை வேலை செய்தவர் எப்படி வருவார்? வராதவருக்குக் கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கிளம்பும்போது, ஹெராயின் அளவு மீறி மூச்சு நிற்கப்போனால் அதை முறிக்கும் நாலாக்சோன் மருந்தைக் கொடுத்து, தனியாக இருக்கும்போது ஹெராயின் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பேன். "தனியா இருக்கும்போதுதானே அக்கா வேணும்போல இருக்கு" என்றார் ஒருவர். மாலையில் பேச ஒரு எண்ணும் இப்போது சேர்த்துக் கொடுக்கிறோம்.