பி.எட். சேரும் முன் போட வேண்டிய கணக்கு

பி.எட். படிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். உண்மையில் அது மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு கூட வராது. 2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் சம்பாதிக்காமல் விடும் பணம்தான் பெரிய செலவு.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். தனியார் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 என்று வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு 80,000. தேர்வுக் கட்டணம், ரெக்கார்ட், சார்ட், மாதிரிகள், பயிற்சிக்குப் போக உடை என்று 20,000. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போனால் 20 மாதத்துக்கு 30,000. இவ்வளவும் சேர்த்து 1.3 லட்சம். பட்டப்படிப்பை வைத்து மாதம் 12,000 சம்பளத்துக்கு உங்களால் வேலைக்குப் போக முடியும் என்றால், 24 மாதத்தில் 2.88 லட்சம் போகிறது. ஆக மொத்தம் 4.18 லட்சம். விடுதியில் தங்கினால் இன்னும் ஒரு லட்சம் கூடும். உங்கள் ஊர்க் கட்டணத்தையும் சம்பளத்தையும் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இனி வரவு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் பட்டதாரி ஆசிரியருக்குக் கூடுதலாக 20,020 வந்தது. ஓய்வூதியத்துக்காகப் பத்து சதவீதம் பிடித்தாலும் வீட்டு வாடகைப்படி இல்லாமலேயே கையில் ஐம்பதாயிரம் நிற்கும். போட்ட 4.18 லட்சம் ஒரே ஆண்டில் திரும்பிவிடும்.

தனியார் பள்ளிக் கணக்கு வேறு. பி.எட். இல்லாமல் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருந்தால் 14,000 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். நகரத்து சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்று 28,000 கொடுத்தால் வித்தியாசம் மாதம் 14,000. இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். சின்ன ஊர் மெட்ரிக் பள்ளியில் 15,000தான் என்றால் வித்தியாசம் ஆயிரம் ரூபாய். 4.18 லட்சம் திரும்பக் கிட்டத்தட்ட 35 ஆண்டு ஆகும். அந்த ஆயிரத்துக்காகக் கடன் வாங்கிப் படிக்கவே கூடாது. 1.5 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 3,224 ரூபாய். கூடுதலாகக் கிடைக்கும் சம்பளம் தவணைக்கே போதாது.

எனவே அரசு வேலை கிடைக்காவிட்டாலும் கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள நான்கைந்து பள்ளிகளில் உங்கள் பாடத்துக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரிக்க ஒரு நாள் போதும். அப்போது மூன்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா. பத்து மாதம் மட்டும் தரும் 18,000 என்பது உண்மையில் மாதம் 15,000தான். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை பெற உரிமை உண்டு. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் பலர் கேட்பதே இல்லை.

அரசு வேலைதான் குறி என்றால் காத்திருப்பையும் செலவில் சேருங்கள். பட்டதாரி ஆசிரியராக ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும். தமிழ்நாட்டில் அது 2012, 2013இல் நடந்தது. அடுத்தது 2017, பிறகு 2019, 2022, 2025. ஒரு தேர்வைத் தவறவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு போய்விடும். அதனால் பி.எட். முதலாண்டிலேயே ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களைப் படிக்கத் தொடங்கிவிட வேண்டும். பொதுப் பிரிவினர் 150க்கு 90 எடுக்க வேண்டும். டெட் தேறினால் மட்டும் வேலை வந்துவிடாது, 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. ஆனால் டெட் கடினமாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கு முதலில் அறிவித்த 2,222 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 41,000 பேர்தான். டெட் தேவைப்படாத 2025 முதுகலை ஆசிரியர் தேர்வில் 1,996 இடங்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டெட் தேறியவருக்குப் போட்டி அவ்வளவு குறைகிறது! இரண்டு தேர்விலும் தமிழ் தகுதித் தாளில் 50க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

பி.எட். இருந்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத் தொடக்கக் கல்வி டிப்ளமோதான்.

பலரும் மாட்டிக்கொள்வது சான்றிதழ் சரிபார்ப்பில். உயிரித் தொழில்நுட்பம் போன்ற பெயரில் பட்டம் இருந்தால், அது பள்ளிப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்க நினைப்பவர் முதல் வகுப்பிலிருந்து பி.எட். வரை தமிழ் வழியாகவே படித்திருக்க வேண்டும். அதுவரை தமிழில் படித்துவிட்டு பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் எடுத்தால் அந்த உரிமை போய்விடும்.

செலவைக் குறைக்க முதல் வழி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள். அரசுக் கல்லூரி ஏழு, உதவி பெறுபவை பதினான்கு, எல்லாம் சேர்த்து 2,040 இடங்கள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகின்றன. இளங்கலையில் பொதுப் பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் தனியார் கல்லூரியிலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறலாம். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் கையில் இல்லாமல் சேர்ந்து, விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டு, முழுக் கட்டணத்தையும் கட்டியவர்கள் பலர்.

“கல்லூரிக்கு வரவே வேண்டாம்” என்று சொல்லும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். விதிப்படி வகுப்புக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும். பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். வருகையில்லாத பட்டம் சரிபார்ப்பில் சிக்கினால் பணமும் ஆண்டுகளும் சேர்ந்தே போகும். காசு கொடுத்து ரெக்கார்ட் எழுதி வாங்குவதும் நட்டம்தான். நல்ல சம்பளம் தரும் பள்ளிகள் வேலைக்கு எடுக்கும் முன் பதினைந்து இருபது நிமிடம் டெமோ வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பாடத்தை எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் கேள்வி கேட்பது, கரும்பலகையில் எதை மட்டும் எழுதுவது என்று பாடக்குறிப்பைத் தன் கையால் எழுதிப் பழகியவருக்கு அந்த இருபது நிமிடம் திணறல் இருக்காது. 15,000 சம்பளமா 28,000 சம்பளமா என்பது பெரும்பாலும் அந்த வகுப்பில்தான் முடிவாகிறது.