மேலே பார்க்க ஒரு ஆள்

“தம்பி, அந்த ஷேக்கிளைக் கொஞ்சம் எடுத்துட்டு வா” என்று அவனை அனுப்பியது நான்தான். போய் வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கிரேனின் நீண்ட கை, அதாவது பூம், 11 கிலோவோல்ட் மின்சார லைனைத் தொட்டுவிட்டது.

பல வருடம் ஆகிவிட்டது. சைட் சூப்பர்வைசராக நான் கழித்த நாட்களில், காலை முதல் மாலை வரை அப்படியே ஞாபகத்தில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். இரண்டாம் தளத்துக்குத் தூண் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தோம். சைட் ஓரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் லைன் ஓடியது. அதைக் கவனிக்கவென்றே ஒரு பையனை நிறுத்தியிருந்தோம். பூமுக்கும் லைனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், நெருங்கினால் விசில் அடிக்க வேண்டும். அவனுக்கு அவ்வளவுதான் வேலை.

கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம், அந்த ஷேக்கிள், ஒன்று குறைந்தது. மற்ற எல்லார் கையிலும் ஏதோ ஒரு வேலை. அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான். என் கண்ணுக்கு அவன் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது. அனுப்பிவிட்டேன். ஷேக்கிள் வருவதற்குள் கொக்கியைக் கட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்துவிடலாம் என்று ஆபரேட்டர் பூமைத் திருப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேபினில் இருப்பவர் கொக்கியைத்தான் பார்ப்பார். நிமிர்ந்து பார்த்தாலும், வெறும் வானத்தில் தெரியும் ஒரு மெல்லிய கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அங்கிருந்து கணிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இருக்காது. பக்கவாட்டில் ஒருவரை நிறுத்துவதே அதற்காகத்தான்.

படீரென்று ஒரு சத்தம். பூம் நுனியில் நீலமாக ஒரு வெளிச்சம். கொக்கியைப் பிடிக்கக் கை நீட்டியிருந்த, சுமையைக் கட்டி மாட்டும் ரிகருக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழத்தில் அவர் பிழைத்தார்.

ஆபரேட்டர் பதறிக் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கால் படியில் இருந்தது, இன்னொன்று தரையைத் தேடியது. “எறங்காதீங்கண்ணே! உள்ளயே உக்காருங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி முழுக்க மின்சாரம் ஏறியிருக்கும்போது உள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அவரும் வண்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பார்கள். கை கைப்பிடியிலும் கால் மண்ணிலும் ஒரே சமயத்தில் பட்டால்தான் அவர் உடம்பு வழியாக அது இறங்கும். வண்டி தீப்பிடித்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அப்போதும் படியில் இறங்கக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்துவைத்து, வண்டியைத் தொடாமல் குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைப் பிரிக்காமல், தரையைத் தேய்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். வண்டியிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். அகலமாகக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள வித்தியாசமே ஆளைச் சாய்த்துவிடும். உதவிக்கு ஓடிவந்தவர்களை 10 மீட்டருக்கு அப்பால் நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சத்தம் அடங்கியது. “கரண்ட் போயிடுச்சு, எறங்கச் சொல்லுங்க சார்” என்றார் ஒருவர். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. சில விநாடிகளில் மறுபடியும் அதே வெளிச்சம். லைனில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை மரக்கிளை உரசுவது, பறவை அடிபடுவது போன்ற கணநேரத் தொந்தரவுகள். அதனால் துணைமின் நிலையத்தில் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் ட்ரிப் ஆனதும் தானாகவே மறுபடியும் சேர்ந்து பார்க்கும்படி அமைத்திருப்பார்கள். ஒரு தடவையோடு விடாமல் இரண்டு மூன்று தடவைகூட முயலும். அங்கே கிரேன் மாட்டியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? லைன் செத்துவிட்டது என்று சொல்ல வேண்டியவர்கள் மின்வாரிய ஆட்கள்தான். அவர்கள் வந்து இணைப்பைத் துண்டித்து, சோதித்து, லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்து, வாயால் சொன்ன பிறகே ஆபரேட்டரை இறக்கினோம். அதுவரை நாற்பது நிமிடம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை என்னிடம் மணி கேட்டார். இறங்கியதும் ஒன்றும் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.

விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் ‘லைனைக் கவனிப்பவரின் கவனக்குறைவு’ என்று அந்தப் பையன் பெயரை எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதித் தந்தேன். பெருந்தன்மையால் அல்ல; நடந்தது அதுதான். அவன் கவனமாகத்தான் இருந்தான். கவனித்துக்கொண்டிருந்தவனை அந்த இடத்திலிருந்து கிளப்பியவன் நான்.

அன்றிலிருந்து என் சைட்டில் பார்க்கிற ஆளுக்கு வேறு நிறத்தில் ஜாக்கெட். அவருக்கு யாரும் எந்த வேலையும் சொல்லக் கூடாது, நான் உட்பட. தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, போன் வந்தாலும் சரி, அவர் இடத்தை விட்டு நகர்ந்தால் பூமும் நின்றுவிட வேண்டும். இதைக் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவர் முன்னிலையிலேயே சொல்வேன். பெரும்பாலும் அந்த இடத்துக்குப் புதிதாக வந்த சின்னப் பையன்களைத்தான் விடுகிறார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டால் ‘முடியாது சார்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அனுபவமுள்ள ரிகரை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால், ஒரு நல்ல ஆள் வீணாகிறான் என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

இடைவெளி விஷயத்தில் இன்னொன்று. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, கிரேனுக்கும் லைனுக்கும் இடையே 50 கிலோவோல்ட் வரை 10 அடி, 200 வரை 15 அடி, 350 வரை 20 அடி இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு மாறும். ஆனால் காலையில் அளந்த இடைவெளி மதியம் இருக்காது என்பது எங்கேயும் மாறாது. வெயில் ஏற, லைனில் மின்சார லோடு ஏற, கம்பி நீண்டு தொய்யும். காற்றடித்தால் பக்கவாட்டில் ஆடும். கம்பி கருத்திருப்பதைப் பார்த்து ‘மேலே கோட்டிங் இருக்கு’ என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயரத்தில் போகும் லைன் பெரும்பாலும் வெறும் உலோகம்தான். சுற்றியிருக்கும் காற்றுதான் அதற்கு உறை. அலுமினிய ஏணி, சாரத்துக்குத் தூக்கும் பைப், கொட்டி முடித்த பிறகும் தொட்டியை இறக்காமலே நகரும் டிப்பர் எல்லாம் அந்த உறைக்குள் நுழைபவைதான். இதயத் துடிப்பைக் குலைக்க 100 மில்லியாம்பியர் போதும். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பதும் இந்த அழுத்தத்தில் நடக்காது. டயருக்குள்ளேயே சூடேறி, சில மணி நேரம் கழித்து வெடித்த டயர்களும் உண்டு.

லைனோடு முடிகிற விஷயமும் இல்லை இது. தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆள் இறங்கும்போது அதன் வாயருகே, மேலே ஒருவர் நிற்பார். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே காட்டினால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் சரிந்தால், வாயில் நிற்பவர் தானும் இறங்கிவிடக் கூடாது. குரல் கொடுக்க வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும். அவரும் இறங்கி, இரண்டு பேருமாகப் போன கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆழமான பள்ளத்தில் வேலை நடக்கும்போதும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும். விளிம்பில் விரிசல் விடுகிறதா என்று மேலே நிற்பவரின் கண்ணுக்குத்தான் தெரியும். அவரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் இந்தப் பைப்பைப் பிடி” என்று சொல்ல யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார்.

இவ்வளவு சொன்னாலும், பார்க்கிற ஆளை நம்பி மட்டும் வேலையைத் தொடங்க எனக்கு இப்போது துணிவில்லை. மனிதக் கண் அசரும். லைனை நிறுத்தி எர்த் செய்ய வேண்டும். இல்லையென்றால் பூம் எட்டவே எட்டாத இடத்தில் கிரேனை நிறுத்த வேண்டும். இரண்டுக்குமே வழியில்லாத இடத்தில்தான் ஆளை நிறுத்துவது.

இப்போது இருக்கும் சைட்டில் வடகிழக்கு மூலையில் ஒரு லைன் போகிறது. நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, தேதி வரவில்லை. அந்த மூலைக்கான கம்பிக்கட்டுகள் கீழே கிடக்கின்றன. “ஒரு ஆளை நிறுத்தி ஏத்திடலாமே சார், கம்பி துருப்பிடிக்குது” என்று நேற்றும் வந்து கேட்டார்கள். பிடிக்கட்டும் என்றேன்.